ஒரு டை (வார்ப்பு அச்சு) பட்டறை, நான்கு கணினிகள், மூன்றரை வருடக் கணக்கு: விலை உயர்ந்த லேப்டாப் அவசியம்தானா?

கோவையில் சின்னப் பட்டறைகளுக்குக் கணினி வாங்கிக் கொடுப்பதும், பழுது வந்தால் போய்ப் பார்ப்பதும் என் வேலை. "ரெண்டு லட்சத்துக்கு மேல லேப்டாப் சொல்றாங்க, வாங்கலாமுங்களா?" என்று மாதம் ஒருவராவது கேட்கிறார்கள். வாய்ப்பதில் சொல்லிச் சொல்லி எனக்கே திருப்தி இல்லை. ஒரே பட்டறையில் 2022 முதல் 2025 முடிய நடந்ததை, பில்லும் நோட்டுப் புத்தகமும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் சம்மதம் தந்தார்கள், பெயர்களைச் சேர்க்கவில்லை.

பட்டறையும் ஆட்களும்

கணபதி பகுதிக்கு வடக்கே, தகரக் கூரை போட்ட பட்டறை. பம்பு பாடிக்கும் மோட்டார் பாடிக்கும் பேட்டர்ன், கோர் பாக்ஸ், டை, அதாவது உலோகம் வார்க்கத் தேவையான அச்சு வகைகள், செய்கிறார்கள். மூன்று விஎம்சி (கணினி ப்ரோக்ராம்படி உலோகம் வெட்டும் மெஷின்), ஒரு ஸ்பார்க் மெஷின் (மின்பொறியால் உலோகத்தை அரிப்பது), பதினொரு ஆட்கள். உரிமையாளருக்கு 54 வயது, லேத் ஓட்டி மேலே வந்தவர். கணக்கு வழக்கை அவர் மனைவி பார்க்கிறார். டிசைன் முழுக்க உரிமையாளரின் அக்கா மகன் கையில். டிப்ளமா படித்தவர், 27 வயது.

அவர்கள் ஜாப் ஆர்டருக்கு விஎம்சி ஓட்டினால் மணிக்கு 500 ரூபாய் வாங்குகிறார்கள். இந்தத் தொகை பின்னால் பல இடங்களில் வரும்.

2022 தொடக்கத்தில் இரண்டு பழைய டெஸ்க்டாப்கள் இருந்தன. ஒன்றில் டிசைன், இன்னொன்றில் மெஷினுக்கான ப்ரோக்ராம். லேப்டாப் தேவைப்பட்டதற்குக் காரணம் அரசூர் பக்கத்து ஃபவுண்டரி (வார்ப்பட ஆலை) ஒன்று. அங்குள்ள இன்ஜினியர், "மாடலை இங்கேயே திறந்து, என் முன்னால் மாற்றிக் காட்டுங்கள்" என்று கேட்க ஆரம்பித்தார். படத்தை அனுப்பி, பதில் வாங்கி, மறுபடி அனுப்பி என்று ஒரு கோர் பாக்ஸுக்கு ஒரு வாரம் போய்க்கொண்டிருந்தது. நேரில் உட்கார்ந்தால் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். கேட்டது நியாயம்தான்.

2022 ஏப்ரல்: மூன்று விலைகள்

மேசைக்கு மூன்று யோசனைகள் வந்தன.

டிசைன் சாஃப்ட்வேர் விற்பவர் சொன்னது, கனமான தொழில் வேலைக்கென்றே செய்த வொர்க்ஸ்டேஷன் லேப்டாப். திங்க்பேட் பி, பிரிசிஷன், இசட்புக் என்று பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றும் அப்போது இந்த வகையில் ஒரு வரிசை வைத்திருந்தன. விலை 2,34,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 42,120. தொழில்முறை கிராஃபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ராம், மூன்று வருடத்துக்கு இருக்கும் இடத்துக்கே வந்து பார்க்கும் சர்வீஸ்.

அக்கா மகன் கேட்டது கேமிங் லேப்டாப். வரியோடு 1,18,000. "அதே ப்ராசசர் தான் மாமா, பாதி விலைக்கு வருது" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை.

உரிமையாளரின் மைத்துனர் சொன்னது, பெங்களூர் கம்பெனிகள் லீஸ் முடிந்து திருப்பிவிடும் பழைய லேப்டாப். 45,000க்குள் முடித்துவிடலாம் என்றார்.

இங்கே வரியைப் பற்றி ஒரு சொல். பட்டறைக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்து, பில் அந்த எண்ணில் போடப்பட்டால், கட்டிய வரி உள்ளீட்டு வரவாகத் திரும்புகிறது. ஆக 2,76,120 ஆனது அவர்களுக்கு 2,34,000. 1,18,000 ஆனது ஒரு லட்சம். சொந்தப் பெயரில் ஆன்லைனில் வாங்கிவிட்டு அப்புறம் ஆடிட்டரிடம் போய் நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எதை வாங்கினாலும் பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

முதல் முடிவு

2022 ஜூனில் வொர்க்ஸ்டேஷன் லேப்டாப்பையே வாங்கினார்கள். அதற்கு உரிமையாளர் சொன்ன காரணங்கள் மூன்று. சாஃப்ட்வேர் விற்பவர் "இந்த மாடலுக்குச் சான்று இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தார். ஃபவுண்டரியில் நாலு பேர் முன்னால் கணினி உறைந்து நின்றால் மானம் போகும். மூன்றாவது, என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்குக் கிடைத்த பதில். அவர் கேட்டது: "ஏனுங் தம்பி, இதைத் தொறந்து பார்க்க முடியுமா, இல்ல ஒட்டி வச்சிருக்கானா?"

1937ல் ஜி.டி. நாயுடு மின்மோட்டார் செய்துகாட்டிய ஊர் இது. கழற்ற முடியாத பொருளை இங்கே யாரும் மனசோடு வாங்குவதில்லை. வணிக வரிசை லேப்டாப்களுக்கு எந்தத் திருகை எந்த வரிசையில் கழற்றுவது என்று படத்தோடு பழுதுபார்ப்புக் கையேட்டை நிறுவனங்களே வெளியிடுகின்றன. நான் அதைத் திறந்து காட்டியதும் அவர் முகம் மாறியது. ராமுக்கு ஸ்லாட் இருந்தது, எஸ்எஸ்டியைக் கழற்ற முடிந்தது, கீபோர்டைத் தனியாக மாற்ற முடிந்தது.

அன்றைக்கு யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: இந்த லேப்டாப் மாதத்தில் எத்தனை நாள் பட்டறையை விட்டு வெளியே போகும்? நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான்தான்.

வேலை கூடியதால் அதே வருடம் டிசம்பரில் இன்னொரு கணினி தேவைப்பட்டது. மறுபடி ஒரு 2,34,000 போட மனமில்லாமல், ப்ரோக்ராம் போடும் மேசைக்கு அக்கா மகன் கேட்ட கேமிங் லேப்டாப்பையே வாங்கினார்கள். அதற்கு ஒரு வருட உத்தரவாதம், பழுதானால் சர்வீஸ் சென்டருக்கு நாம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

2023 ஜனவரி: நேரம் அளந்தபோது

பொங்கல் முடிந்த வாரம், ஒரே டை பாதியின் ஃபைலை மூன்றிலும் போட்டு டூல்பாத் (மெஷினின் வெட்டும் கருவி போக வேண்டிய பாதை) கணக்கிட எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தோம். பழைய டெஸ்க்டாப் 14 நிமிடம் 20 விநாடி. வொர்க்ஸ்டேஷன் 9 நிமிடம் 10 விநாடி. கேமிங் லேப்டாப் 8 நிமிடம் 40 விநாடி.

உரிமையாளர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "ரெண்டே கால் லட்சத்துக்கு மேல கொட்டிக் குடுத்தது எதுக்குங் தம்பி?" என்றார். நியாயமான கோபம்.

அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். டூல்பாத் கணக்கை ப்ராசசர் போடுகிறது. இரண்டு லேப்டாப்பிலும் கிட்டத்தட்ட ஒரே ப்ராசசர்தான், ஆகவே நேரமும் ஒன்றுதான். முப்பரிமாண மாடல் வரைவதில் பெரும்பகுதி ப்ராசசரின் ஒரே கோரில் (உள்ளே இருக்கும் கணக்கிடும் பகுதிகளில் ஒன்றில்) நடக்கிறது. அங்கும் ஒரு கோரின் வேகம்தான் பேசும். விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு இந்த இரண்டு வேலையிலும் பெரிதாக உதவாது. அந்த கார்டின் சில்லும் கேமிங் கார்டின் சில்லும் பல சமயம் ஒரே குடும்பம். வேறுபடுவது டிரைவர், அதாவது கார்டை இயக்கும் சாஃப்ட்வேர். தொழில்முறை கார்டின் டிரைவரை, சாஃப்ட்வேர் நிறுவனத்தோடு சேர்ந்து சோதித்துச் சான்று தருகிறார்கள். சாலிட்வொர்க்ஸ் என்ற டிசைன் சாஃப்ட்வேரில் ரியல்வியூ என்ற காட்சி வசதி சான்று பெற்ற கார்டுகளுக்கு மட்டும்தான். பார்க்க உலோகம் மாதிரியே மின்னும். டை வெட்ட அது தேவைப்படாது.

சான்றுக்கு அர்த்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பிப்ரவரியில் கேமிங் லேப்டாப்பில் டிரைவர் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. மறுநாள் ஒரு குறுக்குவெட்டுத் தோற்றத்தில் சில கோடுகள் காணவில்லை. அக்கா மகன் அதை டிசைன் பிழை என்று நினைத்து ஒரு மணி நேரம் மாடலைத் தேடினார். பழைய டிரைவரைத் திரும்பப் போட்டதும் கோடுகள் வந்தன. அதன் பிறகு தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவைத்தோம். அரை நாள் தொந்தரவு, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோடு காணாமல் போனது ஃபவுண்டரி இன்ஜினியர் முன்னால் என்றால் கதை வேறு.

2023 மார்ச்: சார்ஜ் ஏறாத நாள்

ஒரு வியாழக்கிழமை காலை வொர்க்ஸ்டேஷன் லேப்டாப் சார்ஜ் ஏறவில்லை. சார்ஜர் செருகும் துளை ஆடிப் போயிருந்தது. அது மதர்போர்டிலேயே பற்றவைத்த பாகம், தனியாகக் கழற்ற வராது. பதினோரு மணிக்குப் போன் செய்து புகார் பதிவு செய்தோம். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஒருவர் புது மதர்போர்டோடு பட்டறைக்கே வந்தார். உரிமையாளர் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தார். நாலரைக்கு முடிந்தது. ஒரு பைசா வாங்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இது விளம்பரக் கதை ஆகியிருக்கும். லேப்டாப்பை இயக்கியதும் நீலத் திரை வந்து 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. உள்ளே இருக்கும் டிஸ்க், விண்டோஸின் பிட்லாக்கர் என்ற பாதுகாப்புப் பூட்டால் பூட்டப்பட்டிருந்தது. பூட்டின் சாவி பழைய மதர்போர்டின் பாதுகாப்புச் சில்லோடு கட்டப்பட்டது. போர்டு மாறினால் "நீ யார்?" என்று அது கேட்கத்தான் செய்யும். எங்களில் யாருக்கும் அந்த எண் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. எட்டு மாத டிசைன் முழுக்க அதற்குள். அக்கா மகனுக்குக் கை நடுங்கியதைப் பார்த்தேன்.

மாலை ஆறரைக்கு எண் கிடைத்தது. முதல் நாள் லேப்டாப்பை அமைத்தபோது அவர் தன் சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தார். எண் தானாக அங்கே சேமிக்கப்பட்டிருந்தது. அந்தப் பையன் வேறு வேலைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

அதோடும் முடியவில்லை. டிசைன் சாஃப்ட்வேரின் லைசென்ஸ் அந்தக் கணினியின் அடையாளத்தோடு பூட்டப்பட்டது. போர்டு மாறியதும் அது செல்லாது. விற்பவர் புது லைசென்ஸ் அனுப்ப சனிக்கிழமை மதியம் ஆனது. வெள்ளிக்கிழமை நடக்க வேண்டிய ஃபவுண்டரி சந்திப்பு திங்களுக்குப் போனது. ஆக, பழுதை அவர்கள் ஒன்றரை நாளில் சரிசெய்து கொடுத்தார்கள். அதற்கு மேல் போன நேரம் எங்கள் ஆயத்தக் குறைவால் போனது.

வெள்ளிக்கிழமை மாலையே அந்த மீட்பு எண்ணைத் தாளில் அச்சடித்து உரிமையாளரின் மனைவியிடம் (இனி அவரை அக்கா என்கிறேன்) கொடுத்தோம். நகைப்பெட்டி இருக்கும் பீரோவில் பத்திரப் பையோடு வைத்தார்.

2023 ஏப்ரல்: தகரக் கூரையின் கீழ்

பங்குனி, சித்திரையில் மதியம் இரண்டு மணிக்கு அந்தப் பட்டறையில் நிற்க முடியாது. ப்ரோக்ராம் நேரம் கூடுகிறது என்று சொன்னதால் மறுபடி அளந்தோம், இந்தத் தடவை தொடர்ச்சியாக மூன்று முறை. மூன்றாம் முறை வொர்க்ஸ்டேஷன் 11 நிமிடம் 30 விநாடி, கேமிங் லேப்டாப் 10 நிமிடம் 50 விநாடி. சூடு ஏறியதும் ப்ராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. ஒல்லியான பெட்டிக்குள் சின்ன மின்விசிறி எவ்வளவு சூட்டைத் தள்ள முடியுமோ அவ்வளவுதான் லேப்டாப்பின் வேகம். எத்தனை லட்சம் கொடுத்தாலும் இந்தக் கட்டுப்பாடு போகாது.

2023 ஆகஸ்ட்: கருப்புத் தூள்

ப்ரோக்ராம் மேசை, ஸ்பார்க் மெஷினிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது. ஸ்பார்க்குக்கான எலெக்ட்ரோடுகளை அவர்கள் கிராஃபைட்டில் வெட்டுகிறார்கள். கிராஃபைட் தூள் பென்சில் கரி மாதிரி மிருதுவானது, எங்கும் பறந்து படியும், அதோடு மின்சாரத்தைக் கடத்தும். கேமிங் லேப்டாப் அடியிலிருந்து வேகமாகக் காற்றை உறிஞ்சுகிற வடிவம். எட்டு மாதம் அந்தத் தூளையே குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஆடி முடிகிற சமயம் ஒரு காலை அது இயங்கவே இல்லை. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். உத்தரவாதம் இன்னும் நாலு மாதம் இருந்தது. வாங்கி வைத்துக்கொண்டு, பார்ட் வரட்டும் என்றார்கள். போன் செய்தால் "நாளைக்குச் சொல்றோம்ங்க" என்ற பதில். பத்தொன்பதாம் நாள், உள்ளே தூசு போனதால் உத்தரவாதம் செல்லாது, போர்டு மாற்ற 38,000 ஆகும் என்றார்கள். உரிமையாளர் மறுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அந்தப் பத்தொன்பது நாளும் ப்ரோக்ராம் எல்லாம் பழைய டெஸ்க்டாப்பில் ஊர்ந்தது. நோட்டுப் புத்தகத்தின்படி, ப்ரோக்ராம் வராமல் இரண்டாம் விஎம்சி சும்மா நின்றது மொத்தம் 46 மணி நேரம். மணிக்கு 500 என்றால் 23,000 ரூபாய். ஒரு கோர் பாக்ஸ் ஐந்து நாள் தாமதமாகப் போனது. அந்த வாடிக்கையாளர் அடுத்த வேலையை வேறு இடத்தில் கொடுத்தார். அந்த இழப்பைக் கணக்கில் சேர்க்க வழி இல்லை, ஆனால் உரிமையாளரை அதிகம் உறுத்தியது அதுதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்த மேசையில் வொர்க்ஸ்டேஷன் இருந்திருந்தால் அதுவும் செத்திருக்கும். கிராஃபைட்டுக்கு முன்னால் இரண்டும் ஒன்றே. அது தப்பியதற்குக் காரணம், உரிமையாளர் அதைக் கண்ணாடி அறைக்குள் டிசைன் மேசையில் வைத்திருந்தார். அதிக விலை கொடுத்த பொருள் என்பதால் நல்ல இடம் கிடைத்தது. விலை குறைந்தது தூளுக்குப் பக்கத்தில் கிடந்தது. இதைப் பார்க்காமல், "பார்த்தீங்களா, சீப்பா வாங்கினா இப்படித்தான்" என்று முடிவு கட்டினால் தப்பான பாடம் படித்தவர்கள் ஆவோம்.

பிறகு அந்த லேப்டாப்பை காந்திபுரம் 100 அடி ரோடு பக்கம் ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தோம். போர்டைக் கழுவி, எரிந்த இரண்டு மூன்று உறுப்புகளை மாற்றி 6,500 வாங்கினார். அக்கா மகனின் தங்கை இன்ஜினியரிங் படிக்கிறாள். இப்போது அவள் கையில் நன்றாகவே ஓடுகிறது.

மாற்றி அமைத்தது

செப்டம்பரில் உட்கார்ந்து பேசினோம். அக்காவும் உட்கார்ந்தார். அதுவரை கணினிப் பேச்சில் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. பணம் எங்கே போகிறது என்று அவருக்குத்தான் எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். அவர் கேட்டார்: "வெளிய போகாத கம்ப்யூட்டருக்கு எதுக்குங்க மடிச்சு வைக்கிற வசதி?"

அந்தக் கேள்வியில் பாதி முடிவு வந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் ப்ரோக்ராம் வேலைக்கு 95,000 ரூபாயில் ஒரு டவர் டெஸ்க்டாப் சேர்த்துக் கட்டினோம். அதே ஃபைல், அதே கணக்கு: 6 நிமிடம் 15 விநாடி. மூன்றாம் முறை ஓட்டினாலும் அதே 6 நிமிடம் 15 விநாடி. கண்ணாடி அறையை இன்னும் ஆறடி நீட்டி அதையும் உள்ளே வைத்தோம்.

மெஷினுக்கு ப்ரோக்ராமை அனுப்ப, லீஸ் முடிந்து வந்த வணிக வரிசை லேப்டாப் ஒன்றை 34,000க்கு வாங்கினோம். அவர்களுடைய இரண்டு விஎம்சிகள் பழையவை. ஆர்எஸ்-232 என்ற பழைய வகைக் கேபிள் வழியாகத்தான் ப்ரோக்ராம் வாங்கும். அந்த வேலைக்கு எந்த லேப்டாப்பும் போதும், வேகம் பொருட்டே இல்லை. அதில் கவனிக்க வேண்டியது எர்த். மெஷினின் எர்த் சரியில்லாமல், லேப்டாப்பும் சார்ஜரில் இருந்தால், கேபிள் வழியாக மின்சாரம் பாய்ந்து போர்ட்டை எரித்துவிடும். இடையே ஆப்டோ ஐசலேட்டர் (மின்தொடர்பு இல்லாமல் ஒளி வழியாகச் சிக்னல் கடத்தும் உறுப்பு) உள்ள கன்வெர்ட்டர் போட்டோம். எட்டாம் தலைமுறை ப்ராசசர் உள்ளதாகப் பார்த்து வாங்கியதற்குக் காரணம் விண்டோஸ் 11. அதற்குக் கீழான பெரும்பாலான இன்டெல் ப்ராசசர்களை அது ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் நிற்கப் போகிறது என்பது அப்போதே தெரிந்த விஷயம்.

2025: பேட்டரியும் உத்தரவாத முடிவும்

2025 ஜனவரியில் வொர்க்ஸ்டேஷனின் டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தது. கீழே பேட்டரி வீங்கியிருந்தது. இரண்டரை வருடம் நாள் முழுக்கச் சார்ஜரிலேயே, நூறு சதவீதத்திலேயே, இருந்திருக்கிறது. லித்தியம் பேட்டரிக்கு அது ஆகாது. 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி அந்த லேப்டாப்பிலேயே இருந்தது, நாங்கள் போட்டுவைக்கவில்லை. மூன்று வருட உத்தரவாதம் என்றாலும் பேட்டரிக்கு ஒரு வருடம்தான் என்று பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. 9,500 ரூபாய் கொடுத்து நாங்களே மாற்றினோம். கழற்றி மாட்ட இருபது நிமிடம். அப்போதே ராமையும் 11,000 செலவில் 64 ஜிபி ஆக்கினோம். ஸ்லாட் இருந்ததால் முடிந்தது.

ஜூனில் உத்தரவாதம் முடிந்தது. நீட்டிக்க ஒரு வருடத்துக்கு 28,000 கேட்டார்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தோம். ஆடிட்டர் புத்தகத்தில் கணினிக்கு வருடம் 40 சதவீதத் தேய்மானம். 2,34,000 மூன்று வருடத்தில் 50,544 ஆக இறங்கியிருந்தது. அந்த மதிப்புள்ள பொருளுக்கு 28,000 காப்புச் செலவு அதிகம். அதோடு, அது நின்றாலும் டிசைனைத் தொடர இப்போது டெஸ்க்டாப் இருக்கிறது. 2023 மார்ச்சில் அப்படி இல்லை.

மூன்றரை வருடக் கணக்கு

2025 டிசம்பரில் அக்காவின் நோட்டை வைத்துப் போட்ட கணக்கு இது. எல்லாம் வரி நீங்கலாக.

வொர்க்ஸ்டேஷன்: வாங்கிய விலை, பேட்டரி, ராம் சேர்த்து 2,54,500. இன்று விற்றால் 60,000 தர ஆள் இருக்கிறார். மீதி 1,94,500ஐ 1,050 வேலை நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 185 ரூபாய். விஎம்சி 22 நிமிடம் ஓடினால் வந்துவிடும்.

கேமிங் லேப்டாப்: விலை, பழுது, மெஷின் நின்ற நஷ்டம் எல்லாம் சேர்த்து 1,29,500. வீட்டில் பயன்படுகிறது என்று 40,000 கழித்தாலும் 89,500. பட்டறைக்கு உழைத்தது 200 நாள். நாளுக்கு 447 ரூபாய்.

டெஸ்க்டாப்: ஒரு தடவை பவர் சப்ளை போனது. காந்திபுரத்தில் 4,200க்கு வாங்கி இரண்டு மணி நேரத்தில் மாற்றினோம். மொத்தம் 99,200, சுமார் 650 நாள், நாளுக்கு 153 ரூபாய். இதில் மறுவிற்பனை மதிப்பைக் கழிக்கவில்லை. லீஸ் லேப்டாப்புக்கு நாளுக்குச் சுமார் 50 ரூபாய்.

இந்த எண்களை மட்டும் பார்த்தால் விலை உயர்ந்த லேப்டாப் ஜெயித்த மாதிரி தெரியும். ஆனால் பெட்ரோல் செலவு நோட்டை எடுத்து, அது வெளியே போன நாட்களை எண்ணினோம். மூன்றரை வருடத்தில் 131 நாள். எட்டு நாளில் ஒரு நாள். மீதி நாளெல்லாம் கண்ணாடி அறையில், டெஸ்க்டாப் இருக்க வேண்டிய இடத்தில் இருந்திருக்கிறது.

மறுபடி செய்வதானால்

2022ல் என்ன வாங்கியிருக்க வேண்டும் என்று இன்று கேட்டால் என் பதில்: கனமான வேலைக்கு 95,000 டெஸ்க்டாப், வெளியே கொண்டுபோக நடுத்தர வணிக வரிசை லேப்டாப், மூன்று வருட ஆன்சைட் சர்வீஸோடு சுமார் 1,10,000. மொத்தம் 2,05,000. ஒன்றுக்குப் பதில் இரண்டு, ஒன்று நின்றால் மற்றது. அந்த 2,34,000ல் உண்மையில் அவர்களைக் காப்பாற்றியது மறுநாள் பட்டறைக்கே வந்த ஆள்தான். அந்த சர்வீஸை அதே நிறுவனங்களின் குறைந்த விலை வணிக லேப்டாப்புகளுக்கும் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். கிராஃபிக்ஸ் கார்டுக்கும் சான்றுக்கும் போன பணம் இந்தப் பட்டறைக்குத் திரும்பி வரவில்லை.

அக்கா மகன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஃபவுண்டரியில் முழு பம்பு அசெம்பிளியைத் திறந்து இன்ஜினியர் முன்னால் சுழற்றும்போது ஒரு தடவை கூடத் தடங்கவில்லை, அந்த நம்பிக்கையில்தான் இரண்டு புது வேலை கிடைத்தது என்கிறார். அவர் அங்கே உட்கார்ந்தவர். அவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

தொழிலுக்குத் தொழில் கணக்கு மாறும். திருப்பூரில் பிரிண்ட் டிசைன் செய்பவருக்கு ப்ராசசரை விடத் திரை முக்கியம்; விலை குறைந்த லேப்டாப் திரைகள் பல நிறங்களைக் காட்டவே காட்டாது, அங்கே திரைக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. அதே ஊரில் மெயிலும் எக்செலும் மட்டும் பார்க்கும் மெர்ச்சண்டைசருக்கு இரண்டு லட்சத்து லேப்டாப் வாங்கித் தந்த கம்பெனியையும் பார்த்திருக்கிறேன்.

இப்போது யாராவது என்னிடம் வந்தால் விலைக்கு முன் சிலவற்றைக் கேட்கிறேன். ஒரு நாள் இது நின்றால் உங்களுக்கு எவ்வளவு போகும்? மாதத்தில் எத்தனை நாள் வெளியே போகும்? அது நிற்கும் நாளில் வேறு எதில் வேலை செய்வீர்கள்? ஆன்சைட் சர்வீஸ் உங்கள் பின்கோடுக்கு உண்டா, எத்தனை நாளில் வருவார்கள் என்று எழுத்தில் வாங்கினீர்களா? கோவை நகருக்குள் கிடைப்பதை வைத்துக் காங்கேயத்திலும் தாராபுரத்திலும் கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பேட்டரிக்கு எவ்வளவு காலம், தூசுக்கு என்ன விதி என்று பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தீர்களா? வாங்கிய அன்றே பிட்லாக்கர் எண்ணை அச்சடித்து எடுத்தாகிவிட்டதா? அது ஊழியரின் சொந்தக் கணக்கில் இல்லாமல் பட்டறையின் கணக்கில் இருக்கிறதா?

பட்டறையில் இப்போது வொர்க்ஸ்டேஷன் லேப்டாப் வெளி வேலைக்கு மட்டும் போகிறது. பேட்டரி 80 சதவீதத்தில் நிற்கிறது. டிசைனும் ப்ரோக்ராமும் டெஸ்க்டாப்களில். பழைய இரண்டில் ஒன்றை 2025 அக்டோபரில் இணையத்திலிருந்து கழற்றிவிட்டோம், மற்றதை விற்று அந்த இடத்தில் இரண்டாவது டவர் வைத்தோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லா ஃபைலும் ஒரு வெளி டிஸ்க்கில் பதிவாகி அக்காவின் பீரோவுக்குப் போகிறது, அந்த 48 இலக்கத் தாள் இருக்கும் அதே தட்டுக்கு. ஸ்பார்க் மெஷினுக்கு இந்த மாதம் தூள் உறிஞ்சும் குழாய் மாட்டுகிறார்கள்.